கழற்றி வைத்த கார்புரேட்டரின் விலை

இங்கிலாந்தில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பலர் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பார்கள். கதவு, மட்கார்டு, கதவுக்குக் கீழ்ப்பகுதி என்று ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்ப்பார்கள். அடியில் இரும்புத் தகடு இருந்தால் ‘டக்’கென்று ஒட்டும். தகடு துருவில் கரைந்துபோய், அந்த இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் வழுக்கி விழும். 1965-ல் செய்த எம்ஜிபி என்ற திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டில் இந்தக் காந்தம் ஒட்டாது. விவரம் தெரியாதவர் முகம் சுளித்துக் கிளம்பிவிடுவார். விவரம் தெரிந்தவருக்கு அதுவே அன்றைய முதல் நல்ல செய்தி. தொடக்க ஆண்டுகளில் வந்த எம்ஜிபியின் பானட் அலுமினியம். பிற்பாடுதான் தொழிற்சாலை இரும்புக்கு மாறியது. அந்தக் காரின் பானட்டில் காந்தம் ஒட்டினால்தான் விசாரிக்க வேண்டும். எப்போது மாற்றினார்கள்? எங்கே மோதினார்கள்?

பழைய காரை விற்பது பாதி இயந்திரவியல், பாதி சாட்சி விசாரணை. அதிலும் சொந்தக்காரர் கைவைத்து மாற்றிய காராக இருந்தால் விசாரணை நீளும். மாற்றத்துக்காக அவர் செலவழித்த பணம் பெரும்பாலும் விற்பனை விலையில் திரும்பி வருவதில்லை. கார் முன்பைவிட நன்றாக ஓடினாலும் வருவதில்லை. இந்த விநோதத்துக்குக் காரணம் ரசனை மட்டும் அல்ல. துருவின் வேதியியலும், தகட்டின் முறுக்குவலிமையும், தகவலைப் பற்றிய பொருளாதாரமும் சேர்ந்துதான் அந்த விலையைத் தீர்மானிக்கின்றன.

எம்ஜிபியை எடுத்துக்கொள்வது வசதி. 1962-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான ஆபிங்டனில் உற்பத்தி தொடங்கி, 1980 அக்டோபர் வரை நடந்தது. கூரை போட்ட ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போனது. உள்ளே இருப்பது 1798 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். மேலே இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். சுமார் 95 குதிரைத்திறன். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எஞ்சின் ஒருவகையில் சொந்தம்தான். அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்பாசடர் மெக்கானிக் ஒருவரிடம் எம்ஜிபியின் பானட்டைத் திறந்து காட்டினால் அதிகம் திகைக்க மாட்டார்.

எண்ணிக்கையில் அதிகம், உதிரிபாகம் தாராளம், வேலை எளிது. ஆகவே வாங்கியவர்கள் எல்லாரும் எதையாவது மாற்றினார்கள். நான்கு கியர் பெட்டி நெடுஞ்சாலையில் கத்துகிறது என்று ஃபோர்டு சியரா காரின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தினார்கள். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் அடிக்கடி கரியும் பிளாட்டினம் பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார்கள். இரட்டை எஸ்யூவைக் கழற்றி ஒற்றைப் பெரிய வெபர் கார்புரேட்டரை மாட்டினார்கள். 1974-ல் அமெரிக்க விதிகளுக்காகத் தொழிற்சாலையே ஒரு மாற்றம் செய்தது. பளபளத்த குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரின் உயரமும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் கூடியது. வளைவில் கார் சாய ஆரம்பித்தது. அந்த வண்டிகளை வாங்கியவர்களில் பலர் மறுபடி தாழ்த்தி, குரோம் பம்பரைத் தேடிப் பிடித்து மாட்டினார்கள். அதாவது ஒரு மாற்றத்தை இன்னொரு மாற்றத்தால் திருத்தினார்கள். விற்கும்போது இரண்டுக்குமே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. எலெக்ட்ரானிக் இக்னிஷனை ஒரு மாலைப்பொழுதில் கழற்றிப் பழையபடி பாயிண்ட்டை வைத்துவிடலாம். கார்புரேட்டரும் அப்படியே. பெரிய எஞ்சின் வைக்க எஞ்சின் அறையின் தகட்டை வெட்டினால் அதைத் திரும்ப ஒட்ட டிங்கர் வேண்டும், வெல்டிங் வேண்டும், பெயிண்ட் வேண்டும். திருப்பிப் போடக்கூடிய மாற்றத்தை வாங்குபவர் ஒரு வசதியாகப் பார்க்கிறார். திருப்ப முடியாததை முந்தைய சொந்தக்காரரின் ரசனையாகப் பார்க்கிறார். அடுத்தவர் ரசனைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. கழற்றிய எஸ்யூ கார்புரேட்டர்களைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தவர் விற்பனையன்று அந்தப் பெட்டியை எடுத்துக் காட்டும்போது, மாட்டிய வெபரைவிட அந்தப் பெட்டிதான் பேரத்தில் அதிகம் பேசும்.

சில மாற்றங்கள் கண்ணுக்கே தெரியாதவை. தொடக்க கால எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். 1967-க்குப் பிறகுதான் நெகட்டிவ் எர்த் வந்தது. நவீன ரேடியோ வைக்க ஆசைப்பட்டவர்கள் பழைய கார்களையும் நெகட்டிவுக்கு மாற்றினார்கள். வேலை பெரிதல்ல. மாற்றியதை எங்கும் எழுதி ஒட்டாமல் விட்டால், அடுத்த சொந்தக்காரர் கையேட்டைப் பார்த்துப் பழைய முறையில் பேட்டரியை இணைப்பார். ரேடியோ புகையும், ஆல்ட்டர்னேட்டர் பொருத்தியிருந்தால் அதில் உள்ள டயோடும் புகையும். பானட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இதைத் தடுத்துவிடும். கவனமான விற்பனையாளரின் காரில் அந்த ஸ்டிக்கர் இருக்கும்.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் பெரிய ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் அதே சிந்தனைக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோர் உடன் பகிர்ந்தார்கள். அவர் சொன்னதை எம்ஜிபிக்குப் பொருத்திப் பார்க்கலாம். நல்ல கார் 10,000 பவுண்டு பெறும், உள்ளே இற்றுப்போன கார் 4,000 பெறும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. எது எது என்று வாங்குபவருக்குத் தெரியாததால், இரண்டும் சரிபாதி என்றால், அவர் நடுவில் 7,000 சொல்வார். அந்த விலைக்கு இற்றுப்போன காரின் சொந்தக்காரர் சந்தோஷமாகக் கொடுப்பார். நல்ல காரின் சொந்தக்காரர் ‘வேண்டாம், நானே ஓட்டிக்கொள்கிறேன்’ என்று சந்தையை விட்டு விலகுவார். அதன்பின் சந்தையில் இருப்பதில் மோசமானவையே அதிகம். விலை மேலும் இறங்கும். இன்னும் சில நல்லவை விலகும்.

தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கும் காரில் இந்தத் தெரியாமை ஓரளவுக்குத்தான் இருக்கிறது. எந்தப் போல்ட்டு எங்கே இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. மாற்றிய காருக்குப் புத்தகம் கிடையாது. வாங்குபவர் காரை மட்டும் மதிப்பிட்டால் போதாது. மாற்றியவரின் கையையும் மதிப்பிட வேண்டும். அந்த ஐந்து கியர் பெட்டியைத் தாங்கும் அடைப்பை யார் வெல்டிங் செய்தார்? ஒயரை யார் இழுத்தார்? விடை தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் அவர் விலையில் கொஞ்சம் கழிப்பார். வேலை நேர்த்தியாகவே நடந்திருந்தாலும் கழிப்பார், ஏனென்றால் நேர்த்தி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

மற்ற எல்லாக் கேள்வியையும் பின்னுக்குத் தள்ளும் கேள்வி ஒன்று உண்டு. அது கதவுக்கு அடியில் இருக்கிறது.

எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ காரில் தனிச் சேஸிஸ் இருந்தது. உடல் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. எம்ஜிபியில் அந்தச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்து, ஒட்டி, உடலையே எலும்புக்கூடாக்கினார்கள். கூரை உள்ள காரில் இந்த முறை அருமையாக வேலை செய்யும்: தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டி. ஒரு காகிதக் குழாயை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், எதிர்க்கும். அதையே நீளவாக்கில் கத்தரித்துவிட்டு முறுக்கினால் துவண்டுவிடும். மூடிய குழாயின் முறுக்குவலிமை அது சுற்றி அடைக்கும் பரப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. கூரையை எடுத்த நொடியில் அந்தப் பெரிய பரப்பு காணாமல் போகிறது. மிச்சமிருப்பவை கதவுகளுக்குக் கீழே இருபுறமும் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு இரும்புக் குழாய்கள், நடுவில் கியர் பெட்டியை மூடும் சுரங்கம், முன்னும் பின்னும் குறுக்குத் தகடுகள். அந்த இரண்டு குழாய்களுக்கும் ‘சில்’ என்று பெயர். திறந்த கார் வளையாமல் இருப்பது பெரும்பாலும் அவற்றின் தயவில்தான்.

துருவுக்கும் மிகப் பிடித்த இடம் அதுவே. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு செங்குத்துத் தடுப்பு, அடியில் இன்னொரு பட்டை என்று பல தகடுகள் விளிம்போடு விளிம்பாக ஒட்டிய அமைப்பு அது. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு மட்கார்டுக்குப் பின்னால் தேங்கி, சில்லின் முனைக்கு ஈரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் பனி உருக இங்கிலாந்தின் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்பும் சேற்றோடு வந்து சேரும்.

துரு என்பது இரும்பில் நடக்கும் ஒரு சின்ன மின்கல வேலை. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டினார். மெருகேற்றிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு நிறம்காட்டிகள்: ஒன்று இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும், மற்றது காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் நீலமும் விளிம்பில் இளஞ்சிவப்பும் பரவும். காற்றில் உள்ள ஆக்சிஜன் விளிம்பில்தான் எளிதாகச் சேர்கிறது. அங்கே ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அவற்றைக் கொடுப்பது ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி. ஆக, காற்றுப் படாத இடத்தில்தான் இரும்பு கரைகிறது. உப்பு அயனிகள் மின்னோட்டத்துக்கு வழிவிட்டு இந்த வேலையை விரைவாக்குகின்றன.

கார்க்காரருக்கு இந்தச் சொட்டு சொல்லும் செய்தி கொஞ்சம் கசப்பானது. இரண்டு தகடுகள் ஒட்டும் இடுக்கு, பெயிண்ட்டுக்கு அடிப்பக்கம், சில்லின் உட்புறம் எல்லாம் ஆக்சிஜன் குறைந்த இடங்கள். துரு கண்ணுக்குப் படாத இடத்திலேயே முதலில் ஆழமாகும். இரும்பு துருவானதும் பருமன் பல மடங்கு கூடும். அந்த அழுத்தத்தில் இடுக்கு இன்னும் விரியும், நீர் இன்னும் புகும். வெளியே பெயிண்ட்டில் ஒரு குமிழ் தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

இதைச் சரிசெய்ய ஒழுங்கான வழி ஒன்று, குறுக்குவழி ஒன்று. சில்லின் இரு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்கு உள்ளே போய் மறைகின்றன. ஒழுங்காக மாற்றுகிறவர் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித் திறந்து, முழு நீளத்துக்கும் பழைய தகட்டை எடுத்து, புதியதை வைப்பார். வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்குச் சட்டம் கொடுத்து உடலை இறுக்கிக்கொள்வார். இல்லையென்றால் கார் நடுவில் தொய்ந்துவிடும். குறுக்குவழிக்காரர் மட்கார்டைத் தொடமாட்டார். வெளியே தெரியும் பகுதியில் மட்டும் இற்றதன் மேலேயே ஒரு புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பார். விற்பனையன்று இரண்டும் ஒரேபோல மினுங்கும்.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வாங்குபவர்கள் செய்வது எளிமையான காரியம். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே குறுகி இருந்தால் உடல் நடுவில் தொய்கிறது. பிறகு ஜாக்கியை வைத்துக் காரின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடச் சொல்வார்கள். சில் உறுதியாக இருந்தால் கதவு எப்போதும்போல மூடும். இற்றுப் போயிருந்தால் இடைவெளி சுருங்கிக் கதவு இடிக்கும், சில வண்டிகளில் திறக்கவே மறுக்கும். விற்பவர் ‘ஜாக்கி வேண்டாமே’ என்று தயங்கினால் பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் துல்லியம் வேண்டுபவர்கள் பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கொண்டு வருவார்கள். இரும்பின் மேல் அது காந்தப்புலத்தின் மாற்றத்தை அளக்கிறது. அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்டத்தை அளக்கிறது. நல்ல கருவிகள் இரண்டையும் தாமே பிரித்து அறியும், ஆகவே அந்த அலுமினிய பானட் இதை ஏமாற்றாது. தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான். மறுபடி அடித்திருந்தால் இரண்டு மூன்று மடங்கு. திரையில் எண் ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பெயிண்ட் இல்லை, பட்டி இருக்கிறது.

விற்பவர் கையில் இவை எல்லாவற்றையும் வெல்லும் ஆயுதம் ஒன்று உண்டு: வேலை நடந்தபோது எடுத்த படங்கள். மட்கார்டு வெட்டித் திறந்த நிலையில், உள்ளே புதுத் தகடு தெரிய, வெல்டிங் சுவடு தெரிய எடுத்த பத்துப் படங்கள், பளபளக்கும் இருநூறு படங்களைவிட விலையேற்றும். 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து எம்ஜிபியின் முழு உடலையும் புதிதாகவே அடித்து விற்கத் தொடங்கியது. அந்த உடலில் கட்டிய கார் என்றால் ரசீதே போதும். ஒரு கார் என்று, என்ன நிறத்தில், எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதைத் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சான்றிதழாகத் தரும் வசதி கேடன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரப்பர் பம்பரைக் குரோமுக்கு மாற்றிய கார், பழைய மாடல் என்று வேஷம் கட்டினால் அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றம் எல்லாமே விலையைக் குறைக்கும் என்று நினைத்தால் எஞ்சினின் தலைப்பகுதி அதை மறுக்கும். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்தது. எரியும் ஈயச் சேர்மங்கள் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலம் இல்லாவிட்டால், சூடான வால்வு வார்ப்பிரும்பு இருக்கையில் மோதும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய அளவில் ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழும். டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும். 2000-ம் ஆண்டு ஜனவரி முதல் பிரிட்டனில் ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. அதன்பின் சிலிண்டர் தலையைக் கழற்றிக் கெட்டியான உலோக இருக்கைகளைப் பொருத்துவது வழக்கமானது. அது ஒரிஜினல் இல்லைதான். ஆனால் எந்த எம்ஜிபி ரசிகரும் அதற்காக மூக்கைச் சுருக்குவதில்லை, ‘செய்தாயிற்றா?’ என்றே முதலில் கேட்கிறார்கள்.

2021 செப்டம்பரில் பிரிட்டனின் சாதாரணப் பெட்ரோலில் எத்தனாலின் அளவு 10 சதவீதம் வரை கூடியது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை உப்பவைத்து வெடிக்கச் செய்யும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களும் இதே கணக்கில் சேர்ந்தன. காரை உயிரோடு வைத்திருக்கும் மாற்றத்துக்குச் சந்தையில் மன்னிப்பு உண்டு.

பெரிய எஞ்சின் விஷயம் நடுவில் நிற்கிறது. ரோவர் நிறுவனத்தின் 3528 சிசி வி8 எஞ்சின் பிறப்பால் அமெரிக்கன். ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் பிரிவு வடிவமைத்தது. முழுக்க அலுமினியம் என்பதால் எட்டு சிலிண்டர் இருந்தும் எடை பழைய வார்ப்பிரும்பு நான்கு சிலிண்டருக்கு ஏறக்குறையச் சமம். கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் 1970 வாக்கில் இதை எம்ஜிபிக்குள் நுழைத்து விற்றார். அதைப் பார்த்த தொழிற்சாலை 1973 முதல் 1976 வரை தானே 2,591 கார்கள் செய்தது. அவை அத்தனையும் கூரை போட்ட ஜிடி வகை. தொழிற்சாலையே வி8 வைத்த திறந்த கார் வர 1992 வரை, ஆர்வி8 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே யாரோ வீட்டுக் கொட்டகையில் வி8 வைத்த திறந்த எம்ஜிபிக்கு வம்ச வரலாறு கொஞ்சம் உண்டு, பத்திரம் கிடையாது. அதைப் பார்க்க வருபவர் எஞ்சினைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். பிரேக் டிஸ்க் மாற்றினீர்களா, பின் அச்சின் பல்விகிதம் என்ன, ரேடியேட்டர் தாங்குகிறதா என்று சுற்றியுள்ளதைக் கேட்பார். கூடுதல் முறுக்குவிசை கடைசியில் போய்ச் சேரும் இடமும் அதே சில்தான்.

சட்டமும் எஞ்சினை எண்ணிப் பார்க்கிறது. 2018 மே 20 முதல் பிரிட்டனில் 40 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாய வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்ஓடி தேவையில்லை, ஆனால் கடந்த 30 ஆண்டுகளில் காரில் கணிசமான மாற்றம் செய்திருக்கக்கூடாது. உடல், அச்சுகள், எஞ்சின் ஆகியவை அந்தக் கணக்கில் வரும். சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருந்தால் சலுகை பெரும்பாலும் போய்விடும். இந்தியாவில் 2021-ல் வந்த விதி இதைவிடக் கண்டிப்பு. 50 ஆண்டு தாண்டிய வாகனத்துக்கு ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட விண்டேஜ் பதிவு எண் கிடைக்கும். சேஸிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால்தான்.

விற்பவரின் தலைக்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் கேட்கும் விலை ஏன் எப்போதும் அதிகமாக இருக்கிறது? 1990-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் மாணவர்களில் பாதிப்பேருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து, மற்றப் பாதிக்கு விற்கச் சொன்ன சோதனை புகழ்பெற்றது. கோப்பை கைக்கு வந்து சில நிமிடமே ஆன மாணவர்கள், வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். 2012-ல் மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோக்கன், டான் ஏரியலி செய்த ஆய்வு எம்ஜிபிக்காரருக்கு இன்னும் பொருத்தம். பழக்கமில்லாதவர்களைக் காகிதத்தில் தவளையும் கொக்கும் மடிக்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் தங்கள் படைப்புக்கு 23 சென்ட் தரத் தயாராக இருந்தார்கள். அதையே பார்த்த மற்றவர்கள் 5 சென்ட் மதிப்பிட்டார்கள். கொட்டகையில் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து கியர் பெட்டி மாற்றியவரிடம் இந்த எண்களைச் சொன்னால் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனாலும் வாங்க வருபவர் அந்தக் குளிரில் நிற்கவில்லை.

அவரைக் கொஞ்சமாவது அங்கே நிற்கவைப்பது எழுத்தும் படமும். கிரெகரி லூயிஸ் என்ற பொருளியலாளர் 2011-ல் இபே மோட்டார்ஸ் ஏலங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், விற்பவர் போடும் படங்களும் துரு, கீறல், நசுங்கல் பற்றி எழுதும் சொற்களும் விலையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதைக் காட்டினார். விவரணை வெறும் விளம்பரமாக நிற்பதில்லை. வாங்குபவர் பிற்பாடு பிடித்துக் கேட்கக்கூடிய ஒப்பந்தமாகவும் வேலை செய்கிறது என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் சட்டமும் இதை ஒட்டியே நிற்கிறது. வியாபாரி அல்லாத தனிநபர் தன் காரை விற்கும்போது தரத்துக்கு உத்தரவாதம் தர வேண்டியதில்லை. ஆனால் 1979-ம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி கார் அவர் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும். ‘சில் இரண்டும் புதியவை’ என்று எழுதினால் அது சட்டப்படி வாக்கு.

அனுபவசாலிகள் விற்கும் நாளில் செய்வதும் இந்த வழிதான். வாங்குபவர் வரும்வரை எஞ்சினைத் தொடமாட்டார்கள். வந்தவர் முதலில் பானட்டில் கைவைத்துச் சூடு பார்ப்பார் என்று அவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே சூடேற்றிய எஞ்சின், குளிரில் கிளம்ப அடம்பிடிப்பதை மறைக்கிறது. சோக்கை இழுத்து, குளிர்ந்த எஞ்சினை அவர் முன்னாலேயே கிளப்பிக் காட்டுவார்கள். நான்கு சிலிண்டரிலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அழுத்தமானியை வைத்து அளந்து காட்டுவார்கள். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் வால்வும் பிஸ்டன் வளையமும் நலம். ஓட்டிப் பார்த்து எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஆயில் அழுத்த முள் ஓடும்போது 50 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் பேரிங்கைப் பற்றிய பேச்சும் முடிந்தது. துணிக் கூரையைத் திறந்து, மூடி, கிழிசல் இருந்தால் தாங்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். சின்னக் குறையைத் தாமாகச் சொன்னவர் பெரிய குறையையும் சொல்லியிருப்பார் என்று வந்தவர் எண்ணிக்கொள்வார்.

அவர்கள் செய்யும் இன்னொரு காரியம் முதலில் பார்த்தால் வீண்செலவு போலத் தோன்றும். கட்டாயமில்லாத காரையும் எம்ஓடி சோதனைக்கு எடுத்துப் போகிறார்கள். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. அந்தச் சோதனையாளர் சில்லைத் தட்டிப் பார்ப்பார், பிரேக்கை உருளையில் வைத்து அளப்பார், முடிவைக் கணினியில் ஏற்றுவார். பதிவெண் தெரிந்த எவரும் அரசு இணையத்தில் அந்த முடிவையும், முந்தைய ஆண்டுகளில் எதற்காகத் தோற்றது என்பதையும், ஒவ்வொரு முறையும் மீட்டர் காட்டிய மைலையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அகர்லாஃபோடு பரிசு பெற்ற ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய சமிக்ஞைக் கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. இற்றுப்போன காரின் சொந்தக்காரருக்கு இந்தச் சோதனை கட்டணத்தோடு முடியாது. தோல்வி ஊரறியப் பதிவாகிவிடும். நல்ல காரின் சொந்தக்காரருக்கு வெறும் 54.85 பவுண்டு. வெபரா எஸ்யூவா என்பது அந்தச் சோதனையாளருக்கு ஒரு பொருட்டில்லை. புகையின் அளவு, பிரேக், தகடு என்று தன் பட்டியலில் உள்ளதைப் பார்த்துவிட்டு அடுத்த காரைக் கூப்பிடுவார்.